நாகவல்லி நிக்க வெச்ச கம்பி

சேக்காட்டுலேந்து கொரட்டூரு வரைக்கும் யாரக் கேட்டாலும் ஒரே கததான் சொல்வாங்கோ. எம்பத்தெட்டாம் வருசம், ஆடி மாசம், மொத வெள்ளிக்கெழம. அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு சட்ட தெக்கற கம்பெனில நாகவல்லின்ற பொம்பள மேல ஆத்தா எறங்கிட்டா. எறங்குனவ சொம்மா எறங்கல. ஒரு வேப்பங்குச்சிய தையல் மிஷினு மேல நட்டமா நிக்க வெச்சுட்டா. புடிக்க கை இல்ல, கட்ட கயிறு இல்ல, குச்சி அது பாட்டுக்கு நிக்குது. மொதலாளி ஜெயராமன் நெடுஞ்சாண்கெடையா வுழுந்து, இன்னா வோணும் தாயேன்னு கேட்டாராம். இவள மெக்கானிக்கா போடுன்னு ஆத்தா உத்தரவு போட்டாளாம். அப்டித்தான் ஒரு பொம்பள கைக்கு ஸ்பேனரு வந்துச்சாம்.

பட்டரவாக்கம் டேசன்ல கேட்டா கத இன்னும் ரெண்டு முழம் நீளும். மெக்கானிக்கு ஜோசப்ராஜுக்கு மூணு நாளு ஜொரம், மந்திரிச்சப்பறம்தான் எறங்குச்சுன்னுவாங்கோ. ஆவடி மார்க்கெட்டாண்ட போனா குச்சியே வாயத் தொறந்து பேசிச்சுன்றாங்கோ. பேசற வாய்க்கு பிளாட்பாரம் டிக்கெட்டா எடுக்கணும்?

இத்தினி வாய்ல பூந்து வந்ததுல, குச்சி நின்னுதுன்றது மட்டும்தான் நெசம். மிச்சமெல்லாம் பீலா. ஆத்தா உத்தரவு போட்டதால நாகவல்லி மெக்கானிக்கா ஆவல. ஆத்தா வந்துட்டான்னு ஊரு சொன்னதால அந்த வேல கைநழுவிப் போவப் பாத்துச்சு, அத்த அவ இஸ்து புடிச்சா. அதுதான் கத. மொதல்லேந்து கேளுங்க.

நாகவல்லியோட அப்பன் துலுக்கானம், சேக்காட்டுல கழனி வேல செஞ்ச ஆளு. கழனியெல்லாம் பிளாட்டு ஆனப்பறம் ஆவடில சிமிட்டி மூட்ட தூக்குனாரு. பொண்ண எட்டாவது வரைக்கும் படிக்க வெச்சாரு. அதுக்கு மேல அவளே முடியாதுன்னுட்டா. ஒரு டெய்லரு கடைல பட்டன் கட்ட போனா, அங்கேந்து எஸ்டேட்டுக்கு. கட்டிகினவன் பேரு சின்னப்பையன், மூணு சக்கரத்துல லோடு ஏத்தற மீன்பாடி வண்டி மெதிக்கறவன். பேருதான் சின்னப்பையன், ஆளு ஆறடி. ஒரு நாளிக்கு நூறு ஜோக்கு சொல்வான், அதுல ரெண்டுக்கு சிரிப்பு வரும்.

கம்பெனில நாகவல்லிக்கு சட்டக் கை முனைல கஃப் தெக்கற வேல. நாப்பது பவர் மிஷினு, நாப்பது பொம்பளைங்கோ, ஒரே மெக்கானிக்கு ஜோசப்ராஜ். ஒரு மிஷினு மக்கர் பண்ணா ஜோசப்ராஜ் வர்ற வரைக்கும் கைய கட்டிகினு குந்தணும். அவரு வர்றதுக்குள்ள சூப்பர்வைசர் லோகநாயகி வந்து, இன்னாடி சினிமா பாக்கவா வந்தேன்னு வாரி எடுத்துடுவா. ரெண்டு தபா வாங்கிக்கட்டிகினா நாகவல்லி. மூணாவது தபா, இடுப்புல சொருகியிருந்த சின்ன டெஸ்டர எடுத்து, மூடியக் கழட்டி, அவளே சரி பண்ணிட்டா.

அவளுக்கு காது ஒரு தினுசு. நாப்பது மிஷினு ஓடற எரைச்சல்ல, பன்னெண்டாம் நம்பரு மிஷினு எண்ணெ இல்லாம கத்துதுன்னு குந்துன எடத்துலேந்தே சொல்வா. போயி பாத்தா கரீட்டா இருக்கும். ஜோசப்ராஜ் மொதல்ல மொறச்சாரு. அப்பால அவரே, ஏம்மா, அந்த மூல மிஷின இன்னான்னு பாருன்னு அனுப்ப ஆரம்பிச்சாரு. மனுசனுக்கு முட்டி வலி, குனிஞ்சி நிமிர முடியல.

அந்த வருசம் ஆனி மாசத்துல, ஜோசப்ராஜுக்கு கூட ஒரு மெக்கானிக்கு போடப்போறோம்னு மொதலாளி சொன்னாரு. நாகவல்லி பொடவையச் சரி பண்ணிகினு நேரா அவர் ரூமுக்குப் போயி, அந்த வேலைய எனக்கு குடுங்க சார்னு கேட்டுட்டா. ஜெயராமன் கெட்ட மனுசன் இல்ல. மெக்கானிக்கல் டிப்ளமா, அந்தக் காலத்து எல்எம்ஈ படிச்சவரு, லேத்துல கைய கறுப்பாக்கி வந்தவரு. ஆனா இத்தக் கேட்டதும் சிரிப்ப அடக்க டீ டம்ளர எடுத்துகினாரு. பொம்பள பொடவையோட மிஷினு கீழ பூந்தா நல்லாவா இருக்கும்னாரு. அப்பால, ஆடி முடியட்டும், பாக்கலாம்னாரு.

நம்ம ஊர்ல ஆடி முடியட்டும்னா இன்னா அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். மூஞ்சில அடிக்காம இல்லன்னு சொல்றது. நாகவல்லி வுடல. ஆடி முடிஞ்சி ஆவணி மொத திங்கக்கெழம வந்து நிக்கறேன் சார்னு சொல்லிட்டு வந்துட்டா.

இப்ப ஆடி வெள்ளிக்கு வாங்க. அன்னிக்கி எல்லா பொண்ணுங்களும் மிஷினுக்கு மஞ்ச குங்குமம் வெச்சு ஒரு வேப்பங்கொத்து சொருகுவாங்க. சொருகற எடம் நூல்கண்டு நிக்கற ஸ்டாண்டு. நாகவல்லி மிஷினுல அந்த ஸ்டாண்டு ஒடஞ்சி ரெண்டு நாளாச்சு. அதனால ஒரு சாண் வேப்பங்குச்சிய, நுனில நாலு எலய மட்டும் வுட்டு, அடில ஒரு ஊக்கு வெச்சு நூலால இறுக்கி சுத்துனா. மிஷினு மூஞ்சில நூல் கோக்கறதுக்கு ஒரு லிவரு மேலயும் கீழயும் குதிக்கும் பாருங்க, அந்த லிவரு ஓட்டைல ஊக்கோட வளையத்த மாட்டிவுட்டா. குச்சி தலகீழா லூசா தொங்கிகினு இருந்துச்சு.

காலைல எண்ணெ வுட்டா, நூல் கோக்காம ஒரு நிமிசம் சொம்மா ஓட்டணும். எண்ணெ எல்லா எடத்துக்கும் போவும். எண்ணெ வுட்டவ குச்சி தொங்கறத மறந்து பெடல அழுத்திட்டா. லிவரு குதிக்குது. குச்சி அப்டி இப்டி கிறுக்கு புடிச்சாப்ல ஆடிச்சு, ஒரு சுத்து சுத்துச்சு. அப்பால மேல எழும்பி, நட்டுக்க நின்னுடுச்சு. நுனில நாலு எலயும் சிலுசிலுன்னு நடுங்குது. குச்சி வுழல.

நாகவல்லி பயந்து கால எடுத்தா. மிஷினு நின்னுது, குச்சி தொபுக்குன்னு தொங்கிச்சு. திரும்ப அழுத்துனா. அது திரும்ப எழுந்து நின்னுது. வெரலால லேசா தள்ளிப் பாத்தா. சாஞ்சிச்சு, யாரோ புடிச்சி நிமிர்த்துனாப்ல பழைய எடத்துக்கே வந்துச்சு.

ஆடி வெள்ளி, வேப்பங்குச்சி, தன்னால நிக்குது. இத்த லோகநாயகி பாத்தா இன்னா ஆவும்? ஆச்சு. கையில இருந்த சட்டக் கட்டு கீழ, அவ அதுக்கும் கீழ. பின்னாடி ரெண்டு பொண்ணுங்கோ சாமியாட ஆரம்பிச்சுட்டாளுங்க. ஒருத்தி கற்பூரம் எடுத்தா, பஞ்சு தூசி பறக்கற எடத்துல கொளுத்திட்டாளேன்னு ஜோசப்ராஜ் ஓடி வந்து புடுங்குனாரு. அவருக்கு ஜொரம் வந்த கத இங்கதான் பொறந்துச்சு. மனுசன் கற்பூரத்துல வெரல சுட்டுகினாரு, அவ்ளோதான்.

மொதலாளி வந்தாரு, பாத்தாரு, செருப்பக் கழட்டுனாரு. அவரும் நெத்தில துன்னூறு இல்லாம வெளிய போவாத ஆளுதான்.

அன்னிலேந்து நாகவல்லி பொழப்பு தலகீழா ஆச்சு. இன்னாடின்னு கூப்ட்ட லோகநாயகி, வாங்கம்மான்றா. டிபன் பாக்ஸ அவளே தூக்கிகினு வர்றா. பக்கத்து கம்பெனில இருந்தெல்லாம் மதிய சாப்பாட்டு நேரத்துல கும்பலா வந்து நின்னாங்க. மிஷினுக்கு மஞ்சப் பொடவ சுத்தியாச்சு. அதுல சட்ட தெக்கக் கூடாது, வெள்ளிக்கெழம மட்டும் நாகவல்லி குளிச்சிட்டு வந்து குந்தி குச்சிய நிக்க வெக்கணும். நாகவல்லி ஆரம்பத்துல கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்தா, பொய் சொல்லக் கூடாது. நாப்பது பொம்பளைங்கோ மரியாதையா பாத்தா யாருக்குத்தான் கசக்கும்?

ரெண்டாவது வாரம் ஒரு மிஷினு பெல்ட்டு அறுந்துச்சு. இவ பழக்கத்துல டெஸ்டர எடுத்துகினு எழுந்தா. லோகநாயகி குறுக்க வந்து நின்னுட்டா. ஆத்தா வர்ற ஒடம்பு, எண்ணெலயும் அழுக்குலயும் பொரளக் கூடாது, டெஸ்டர குடுங்கம்மான்னு கைய நீட்டுனா. நாகவல்லி மொதலாளிகிட்ட போனா. அவரு ரொம்ப மரியாதையா ஒக்கார வெச்சாரு. இனிமே அந்த மெக்கானிக்கு பேச்சே வாணாம்மா, பாவம் எனக்கு வந்து சேரும்னாரு. ஆவணி மொத திங்கக்கெழம ஆவடிலேந்து தங்கவேல்னு ஒரு ஆளு வர்றான், பேசி முடிச்சாச்சுன்னாரு.

அப்பத்தான் அவளுக்கு ஒறச்சிது. முன்னாடியாவது பொம்பளன்னு சொல்லி வேலைய குடுக்க மாட்டேன்னாங்க. இப்ப சாமின்னு சொல்லி குடுக்க மாட்டேன்றாங்க. பொம்பளன்னு சொன்னா சண்ட போடலாம். சாமின்னு சொன்னா யாரோட போயி சண்ட போடறது?

ஊட்டுக்கு வந்து சின்னப்பையன்கிட்ட சொன்னா. அவன் அவ கால்ல வுழற மாதிரி குனிஞ்சி, தாயே, நாளைக்கி வண்டிக்கு நல்ல லோடு குடுன்னான். ஒரு மொற மொறச்சா, நிமிர்ந்துட்டான்.

நாகவல்லிக்கு ஆத்தா மேல பக்தி இல்லாம இல்ல. வருசா வருசம் கூழு ஊத்தறவதான். ஆனா அவ மனசுக்கு ஒரு விசயம் ஒத்து வரல. ஆத்தா வந்தா ஒடம்பு சிலுக்கணும், வாய்ல வாக்கு வரணும். அவளுக்கு ஒண்ணும் ஆவல. கால் பெடல்ல இருந்துச்சு, காது மிஷினு சத்தத்துல இருந்துச்சு. கால எடுத்தா குச்சி வுழுது, அழுத்துனா நிக்குது. கரண்டு போனா போற சாமி எந்த ஊரு சாமி?

பாத்துடலாம்னு முடிவு பண்ணா. மஞ்சப் பொடவ சுத்துன மிஷினாண்ட அவ குந்துனா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, பூசன்னு நெனச்சிப்பாங்க. அந்த வசதிய புடிச்சிகினா. மதியம் எல்லாரும் சாப்ட போனதும் ஒரு நாளு வேப்பங்குச்சிக்கு பதிலா பென்சிலு கட்டுனா. நின்னுது. ஒரு நாளு தொடப்பக்குச்சி. அதுவும் நின்னுது. சாமி தொடப்பத்துல வருமா? புருசன் வண்டி சக்கரத்துலேந்து ஒரு பழைய போக்ஸ் கம்பி கொண்டாந்தா. அதுக்கு ஒரு முனை தன்னாலயே வளஞ்சி இருக்கும், லிவரு ஓட்டைல அப்டியே மாட்டிக்கும். ஊக்கும் வாணாம், நூலும் வாணாம். கம்பி நின்னுது பாருங்க, போலீஸ்காரன் மாதிரி.

பெடல மெதுவா அழுத்துனா கம்பி வுழும். ஒரு அளவு வேகம் தாண்டுனா நிக்கும். அந்த அளவு எதுன்னு காதுலயே புடிச்சா. அப்பால கம்பிய கொஞ்சம் வெட்டுனா. சின்ன கம்பி, கொஞ்சம் கம்மி வேகத்துலயே நின்னுது. இன்னும் வெட்டுனா, இன்னும் கம்மி வேகம் போதும்.

இங்கதான் அவளுக்கு கொழப்பம். ஊட்டுல சின்னப்பையன் உதாரு வுட்டுகினு உள்ளங்கைல தொடப்பத்த நிக்க வெப்பான். நீளத் தொடப்பம் ரொம்ப நேரம் நிக்கும், பென்சில வெச்சா ஒடனே வுழும். கைல நீளம் சுலுவு, குட்ட கஷ்டம். மிஷினுல குட்ட சுலுவு, நீளம் கஷ்டம். அது எப்டி உல்ட்டாவா ஆவுது?

புருசன தெனம் தொடப்பம் புடிக்க வெச்சு எதுர்ல குந்தி பாத்தா. தெருவுல போறவங்கோ இவங்க ஊட்டுல இன்னா நடக்குதுன்னு எட்டிப் பாத்துட்டு போவாங்க. நாலு நாளுல புடிச்சிட்டா. கை, தொடப்பம் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் ஓடுது. நீளமா இருந்தா மெதுவா சாயும், கை ஓடறதுக்கு டைம் கெடைக்குது. மிஷினுக்கு கண்ணா கீது? அது எந்தப் பக்கமும் ஓடல. சொம்மா மேல குத்துது, கீழ இழுக்குது, அவ்ளோதான். மேல குத்தும்போது சாஞ்ச கம்பி இன்னும் சாயுது. கீழ இழுக்கும்போது நிமிருது. ஆனா இழுக்கற நேரம் வரும்போது கம்பி கொஞ்சம் ஜாஸ்தி சாஞ்சி கீது, குத்தற நேரத்துல கொஞ்சம் கம்மியா சாஞ்சி கீது. அதனால ஒவ்வொரு குதிக்கும் நிமிர்த்தறது ஒரு இணுக்கு ஜாஸ்தி. ஒரு குதியில அது ஒண்ணுமே இல்ல. ஒரு நிமிசத்துல ஆயிரக்கணக்குல குதிச்சா? கம்பிக்கு வுழறதுக்கு நேரமே கெடைக்கல. குட்டக் கம்பி ஒவ்வொரு குதிக்கும் ஜாஸ்தி ஆடும், அந்த இணுக்கும் பெருசாவும், அதான் கம்மி வேகமே அதுக்குப் போதும்.

எட்டாவது வரைக்கும் படிச்சவ. எந்த புஸ்தகமும் பாக்கல. தொடப்பத்தையும் மிஷினையும் பாத்து இத்தக் கண்டுபுடிச்சா. சேக்காட்டுக்காரங்கோ தல நிமிந்து நடக்கறதுக்கு இது ஒண்ணு போதும்.

ஆடி கடைசி சனிக்கெழம மொதலாளிகிட்ட போனா. ஒரு தபா எல்லார் முன்னாடியும் நான் சொல்றாப்ல செய்ய வுடுங்க சார், அதுக்கு மேல உங்க இஷ்டம்னு கேட்டா. ஆத்தா கேக்கறா, எப்டி மாட்டேன்றது? சரின்னுட்டாரு. எப்பன்னு அவரு கேட்டதுக்கு, இன்னிக்கே ஒம்பதரைக்குன்னா. லோகநாயகிக்கு பக்குன்னுச்சு. சனிக்கெழம ஒம்பதுலேந்து பத்தரை வரைக்கும் ராகுகாலம், அவளுக்கு அது மனப்பாடம். நாகவல்லிக்கும் மனப்பாடம்தான், அதனாலதான் அந்த நேரம்.

நாப்பது பேரும் சுத்தி நின்னாங்க. நாகவல்லி கால்ல செருப்பு. கையில வேப்பங்குச்சி இல்ல, வெட்டாத புது போக்ஸ் கம்பி. எந்த மிஷினுன்னு நீங்களே சொல்லுங்க சார்னா. அவரு பதினேழாம் நம்பர காட்டுனாரு. நூல உருவிட்டு, லிவருல கம்பிய மாட்டுனா. அப்பால ஜோசப்ராஜ பாத்து, அண்ணாத்தே, நீங்க வந்து குந்தி பெடல அழுத்துங்கன்னா. அவரு ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போறவரு. என்ன வம்புல மாட்டி வுடாதம்மா, நாளைக்கி நான் ஃபாதர் மூஞ்சில முழிக்கணும்னு நெளிஞ்சாரு. அப்பறம் குந்துனாரு. அழுத்துனாரு. கம்பி ஆடிச்சு, சுத்துச்சு, நட்டுக்க நின்னுது.

நாகவல்லி கும்பல திரும்பிப் பாத்தா, இப்பவாவது புரிஞ்சிச்சான்றாப்ல. லோகநாயகி கன்னத்துல போட்டுகினு சொன்னா:

"ஆத்தாளுக்கு மதம் ஏது? நல்ல மனுசன் கால்லயும் வருவா."

எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. ஜோசப்ராஜுக்கு வேர்த்துடுச்சு. இதுல முடிஞ்சிடும்னு நெனச்சிகினு வந்தவ நாகவல்லி. ராகுகாலமும் ஜெயிக்கல, செருப்பும் ஜெயிக்கல. நம்பறவங்க கிட்ட எத்த காட்டுனாலும் அதுவும் சாமி கணக்குல போய் சேந்துடுது.

அந்த நேரம் பாத்து கரண்டு கட்டு. ஃபேனு நின்னுது, மிஷினு நின்னுது, கம்பி தொங்கிடுச்சு. சோதன பண்ணா கோவம் வராதான்னு லோகநாயகி முணுமுணுத்தா. ஜெயராமன் நாற்காலிய வுட்டு எழுந்துட்டாரு. அவரு அந்தக் கதவத் தாண்டுனா அவ்ளோதான். ஆவணி பொறந்ததும் தங்கவேலு வந்துடுவான், நாகவல்லி ஆயுசுக்கும் மஞ்சப் பொடவ மிஷினாண்ட குந்த வேண்டியதுதான்.

"சார், ஒரு நிமிசம்," அப்டின்னா. சத்தமா சொல்லல, ஆனா அவரு நின்னுட்டாரு.

கரண்டு கட்டானா லேபிள் தெக்கறதுக்குன்னு மூலைல ஒரு பழைய கால் மிஷினு கெடந்துச்சு. நாகவல்லி அதாண்ட போயி, தூசி தட்டி, கம்பிய அதோட லிவருல மாட்டுனா. மாட்டிட்டு, மெதிக்கறதுக்கு முன்னாடியே சொன்னா:

"இது வுழும் சார். என் கால் வேகத்துக்கு இந்த நீளம் நிக்காது. இத்த பாதியா வெட்டுனா நிக்கும். நான் மெதிச்சாலும் நிக்கும், நீங்க மெதிச்சாலும் நிக்கும்."

மெதிச்சா. கால் தெரியாத அளவுக்கு மெதிச்சா. கம்பி எழும்ப பாத்துச்சு, வுழுந்துச்சு. திரும்ப எழும்பிச்சு, வுழுந்துச்சு. கும்பல்ல ஒருத்தி உச்சு கொட்டுனா. நாகவல்லி நிறுத்தி, ஜோசப்ராஜ் கையிலேந்து கட்டிங் ப்ளேயர வாங்கி, கம்பி நுனில பாதிய வெட்டிப் போட்டா. திரும்ப மெதிச்சா. பாதி கம்பி ரெண்டு ஆட்டம் ஆடிட்டு எழுந்து நின்னுடுச்சு. வெரலால தட்டுனா. சாஞ்சிட்டு வந்து நின்னுது.

ஜெயராமன் கிட்ட வந்து குனிஞ்சாரு. துன்னூறு நெத்திக்குப் பின்னாடி இருந்த எல்எம்ஈ அப்பத்தான் முழிச்சிகினு எழுந்துச்சு. நீளம் கம்மியானா ஏன் நிக்குதுன்னு கேட்டாரு. சாமிகிட்ட கேக்கற மாதிரி கேக்கல, மெக்கானிக்குகிட்ட கேக்கற மாதிரி கேட்டாரு. நாகவல்லி குத்தறது, இழுக்கறது, ஒரு இணுக்கு ஜாஸ்தி எல்லாத்தையும் வெரலால காட்டி சொன்னா. காலேஜுல கயித்துல தொங்கி ஆடற குண்டுக்கு கணக்கு போட்டுகீறேன், நிக்கற குண்டுக்கு யாரும் சொல்லித் தரலையேன்னாரு.

லோகநாயகி மட்டும் இன்னும் நம்பல. நாகவல்லி எழுந்து, ஸ்டூல தொடச்சி, அவ கையப் புடிச்சி குந்த வெச்சா.

"அக்கா, நீங்களே மெதிங்க."

லோகநாயகி கொஞ்சம் கனமான ஒடம்பு. மெதுவா மெதிச்சா, கம்பி தொங்கிகினே இருந்துச்சு. இன்னும் வேகமா அக்கான்னா நாகவல்லி. லோகநாயகி பல்லக் கடிச்சிகினு மெதிச்சா. நாகவல்லி வெரலால கம்பிய மேல ஏத்தி வுட்டா. நின்னுது. லோகநாயகி தன் காலப் பாத்தா, கம்பியப் பாத்தா. மூச்சு வாங்குச்சு, வேகம் கொறஞ்சிச்சு, கம்பி வுழுந்துச்சு. திரும்ப அவளே மெதிச்சா, அவளே வெரலால ஏத்துனா, திரும்ப நின்னுது. மூணாவது தபாவும் பண்ணா, யாரும் சொல்லாமயே. வாய் ஓரத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு, புது மிட்டாய் துன்ன கொழந்த மாதிரி. நாப்பது பேரும் பாக்கறாங்கன்னு ஞாபகம் வந்ததும் எழுந்து, இன்னாங்கடி வேடிக்க, கரண்டு இல்லன்னா நூல் வெட்டத் தெரியாதான்னு எல்லாரையும் வெரட்டுனா. அப்டியே நாகவல்லி பக்கம் திரும்பி, நீயும்தான்டின்னா. அம்மாலேந்து திரும்ப டி. நாகவல்லிக்கு அன்னிக்கி அத்த வுட இனிப்பா வேற எதுவும் கேக்கல.

தங்கவேலுக்கு ஆளனுப்பி வர வாணாம்னு சொல்லிட்டாங்க. அவனுக்கு வேற கம்பெனில வேல கெடச்சிடுச்சு, அவன் பாவம் யாருக்கும் வாணாம். ஆவணி மொத திங்கக்கெழம நாகவல்லி பொடவ மேல ஒரு காக்கி சட்டைய போட்டுகினு டூல் பாக்ஸோட வந்தா. மஞ்சப் பொடவ மிஷினுல திரும்ப சட்ட தெக்க ஆரம்பிச்சாங்க. ஜோசப்ராஜ் முட்டி சந்தோசப்பட்டுச்சு.

அதோட நிக்கல அவ. அந்தக் கம்பிய சொம்மா வெளையாட்டுக்கு வுடாம வேலைக்கு வெச்சிகினா. நல்ல மிஷினுல கம்பி அசையாம நிக்கும். உள்ள தேஞ்சி போயிருந்தா கம்பி நுனி நடுங்கும். எந்த மிஷின பிரிக்கணும், எத்த பிரிக்க வாணாம்னு பாதி நிமிசத்துல சொல்லிடுவா. தொண்ணூத்தி ரெண்டுல ஜோசப்ராஜ் வேலைய வுட்டப்ப அவதான் ஹெட்டு. தொண்ணூத்தி ஆறுல கம்பெனில நூத்தி இருவது மிஷினு, அவளுக்கு கீழ நாலு ஆம்பள மெக்கானிக்குங்கோ. அக்கா, கம்பி வெச்சு பாருங்கக்கான்னு அவனுங்கோ அவ பின்னாடியே சுத்துவானுங்க. பக்கத்து கம்பெனில பெரிய பெரிய என்ஜினியரெல்லாம் மிஷினு வாங்கும்போது இவள வந்து கூட்டிகினு போவாங்க. சின்னப்பையன் அவள மீன்பாடி வண்டிலயே குந்த வெச்சு எஸ்டேட்டு கேட்டுல எறக்கி வுட்டு, ஹெட் மெக்கானிக்கு வராங்கோ, வழி வுடுங்கோன்னு கத்துவான். அவ தலைல அடிச்சிப்பா. ஆனா அந்த வண்டிலதான் வருவா.

ஊரு வாய மட்டும் அவளால ரிப்பேரு பண்ண முடியல. நாப்பது பேரு கண்ணால பாத்தத நாலாயிரம் பேரு காதால கேட்டு மாத்திட்டாங்க. தொண்ணூத்தி ஆறு மார்கழில ஒரு சாயங்காலம் பட்டரவாக்கத்துல ட்ரெயினு ஏறி, லேடீஸ் பொட்டில ஜன்னலோரம் குந்தியிருந்தா. எதுர்ல ஞானம்மாள்னு ஒரு பூக்காரம்மா, ஆவடிக்குப் போறவ. பூவ கட்டிகினே, பக்கத்துல இருந்தவகிட்ட இந்தக் கதைய ஆரம்பிச்சா. ஆடி வெள்ளி, வேப்பங்குச்சி, ஆத்தா, மொதலாளி கால்ல வுழுந்தது. அம்பத்தூரு வரைக்கும் குச்சி நின்னுது, திருமுல்லவாயல்ல குச்சி பேசிச்சு. அண்ணனூரு தாண்டுனப்ப, அந்த நாகவல்லி இப்ப உயிரோடவே இல்ல, ஆத்தாவோட கலந்துட்டா, சேக்காட்டுல கோயிலு கட்டப்போறாங்கன்னு முடிச்சா. எதுர்ல இருந்த நாகவல்லியப் பாத்து, நீ கூட அந்தப் பக்கம் மாதிரி கீதே, கேள்விப்பட்டியாம்மான்னு கேட்டா.

நாகவல்லி நகத்துல இருந்த எண்ணெக் கறுப்ப பொடவ முந்தானைல தொடச்சா.

"நாந்தான் நாகவல்லி. சாவல, கோயிலும் வாணாம். ஆத்தா ஒண்ணும் வரல, குச்சி ஒண்ணும் பேசல, எவனும் என் கால்ல வுழல. மிஷினு வேகமா குதிச்சா கம்பி நிக்கும், கால எடுத்தா வுழும். அத்தக் கண்டுபுடிச்சது நானு. ரெண்டு வாரம் மதிய சோறு துன்னாம குந்தி கண்டுபுடிச்சேன். அத்த எதுக்கு ஆத்தா பேர்ல எழுதற?"